மகளின் பாடம் கேட்டது

மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஏ.எல் படித்த காலத்தில் பின்னேரமானால் எனக்கு ஒரு வேலை இருந்தது. தோட்டத்தால் வந்து, கிணற்றடியில் இரண்டு கையையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, விறாந்தைக் கதிரையில் இருந்து அவளுடைய கொப்பியை வாங்கிப் பிடிப்பேன். எங்கள் உரும்பிராய்ச் செம்மண் ஒருமுறை கடதாசியில் பட்டால் பிறகு போகாது. அவள் முற்றத்தில் நடந்தபடி பாடமாக்கியதைச் சொல்லிக்கொண்டு வருவாள். நான் வரிக்கு வரி கண்ணால் பின்னால் போவேன். எங்காவது நின்றுவிட்டால் அடுத்த சொல்லின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பேன். முழுச் சொல்லையும் சொன்னால் கோபம் வரும்.

"நான் இப்ப சொல்லத்தானே போனனான். ஏன் அவசரப்படுறியள்?"

"சரி சரி, இனி வாய் திறக்கேல்லை."

இதைத்தான் எங்கள் வீட்டில் பாடம் கேட்கிறது என்று சொல்லுவோம். தாய் இருந்தால் தாய் கேட்டிருப்பா. மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அவ ஒரு காய்ச்சலோடு போய்விட்டா. அதற்குப் பிறகு நானும் மகளும்தான். காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பயம். காய்ச்சல் மட்டுமில்லை, எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். தோட்டத்து மோட்டரை நிற்பாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, நிற்பாட்டினேனோ என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும். படித்துக்கொண்டிருக்கும்போது சண்டை வந்து ஊரோடு இடம்பெயர்ந்து போனோம். திரும்பி வந்து மீண்டும் பள்ளிக்கூடம் தொடங்கியபோது என்னோடு இருந்தவர்கள் ஒருவரும் இல்லை. நான் மட்டும் வளர்ந்துபோய், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்கால் மேசைக்கு அடியில் கொள்ளாமல் இருந்தேன். ரீச்சர் என்ன சொல்லுகிறா என்று விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் வெட்கம். ஒருநாள் போகவில்லை. பிறகு போகவேயில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை, என்னைப் பெத்த ஐயாவுக்குத் தோட்டத்தில் ஆள் தேவையாக இருந்தது.

அதனால் மகளின் கொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மூன்று வருசமும் நானும் படித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். உயிரியல் பாடம். கலம், புன்னங்கம், இழைமணி, பிரசாரணம். இழைமணி என்ற சொல் ஏதோ நகைக்கடைச் சாமான் மாதிரி இருக்கும். எல்லாம் விளங்கியது என்றில்லை. ஆனால் பாதி விளங்கும், மிச்சத்தைக் கேட்டால் அவள் சொல்லுவாள். சோதனை நாட்களில் அவள் வந்து ஸ்கூட்டியை நிற்பாட்ட முன்னமே கேட்பேன், "என்ன கேட்டவை?" அவள் கேள்வியைச் சொல்லுவாள். "அது நாங்கள் பாத்ததெல்லே" என்பேன். நாங்கள் என்றுதான் வாயில் வரும்.

கம்பஸ் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம். யாழ்ப்பாணத்திலேயே கிடைத்ததால் வீட்டிலிருந்து போய்வரலாம், அதில் எனக்கு இரட்டைச் சந்தோசம். முதல் நாள் அவள் வந்தபோது நான் கையைக் கழுவிவிட்டு விறாந்தையில் இருந்தேன்.

"எப்பிடிப் பிள்ளை?"

"நல்லம்."

"என்ன படிப்பிச்சவை?"

"இங்கிலீஷிலை அப்பா."

நான் கேட்டது என்ன என்று. அவள் சொன்னது எதிலே என்று.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். படிப்பிக்கிற சேர் எங்கள் பக்கத்து ஆள்தானாம். வகுப்புக்கு வெளியே தமிழிலேதான் கதைப்பாராம். உள்ளே குருநாகல், காலி, மட்டக்களப்பு என்று எல்லா இடத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதனால் எல்லாருக்கும் இங்கிலீஷ்.

"அவரிலை பிழையில்லை அப்பா. எனக்குத்தான் காது பிடிக்குதில்லை."

"கேக்கலாம்தானே, விளங்கேல்லை எண்டு?"

"என்னண்டு கேக்கிறது? விளங்கேல்லை எண்டதையும் இங்கிலீஷிலைதான் கேக்கவேணும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு சத்தமில்லாமல் போனது. அவள் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு போனில் யாரோ வெள்ளைக்காரர் படிப்பிக்கிறதைப் பார்த்தபடி அறைக்குள் இருப்பாள். முற்றத்தில் நடக்கிறதில்லை. நான் விறாந்தையில் இருந்து பார்ப்பேன், அவளுடைய கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரியும். சாப்பிட வா என்று கூப்பிட்டால் கேட்காது. கதவைத் தட்டினால் திடுக்கிட்டுப் பார்ப்பாள். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு, அவள் வெளிநாட்டுக்குப் போய்விட்ட மாதிரி ஒரு நினைப்பு எனக்கு. வெளிநாட்டுக்குப் போனவர்கள் என்றாலும் போன் எடுத்துக் கதைப்பார்கள்.

பயப்படுகிற ஆளுக்குச் சும்மா இருக்கிற நேரம் கூடாது. வெங்காயத்தைப் பிடி கட்டிக்கொண்டு இருக்கும்போதே தலைக்குள் ஒவ்வொன்றாக ஓடும். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லையோ? என்னைப் போல ஒருநாள் போகாமல் விட்டுவிடுவாளோ? கடைசியில் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"பிள்ளை, பாடம் கேக்கட்டோ?"

"உங்களுக்கு உது வாசிக்கத் தெரியாதேயப்பா."

"ஏ பி சி டி தெரியும்."

அவள் அறைக்குள் போனாள். பிறகு ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "சரி. எழுத்தைப் பாத்துக்கொண்டு வாங்கோ. நான் சொல்லேக்கை விரலை வையுங்கோ."

இப்படித்தான் மறுபடியும் தொடங்கியது. அவள் முற்றத்தில் நடந்து சொல்ல, நான் விரலை வைத்துப் பின்னால் போனேன். சொல்லின் தொடக்கச் சத்தத்தையும் எழுத்தையும் பொருத்திப் பார்ப்பேன். நாலைந்து பின்னேரத்தில் பிடிபட்டுவிட்டது. அவள் ஒரு சொல்லை விட்டுவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும். "ஒண்டு விட்டிட்டாய். எம் எண்டு தொடங்கிறது." அவள் நின்று, கண்ணை மூடி, உடம்பை ஆட்டி, திரும்ப அந்த வரியைத் தொடக்கத்திலிருந்து சொல்லுவாள். ஒரு தாள் முழுவதையும் பிழையில்லாமல் சொல்லி முடித்தால் இரண்டு பேருக்கும் ஒரு நிம்மதி.

மானிப்பாயில் இருக்கிற என்னுடைய அக்கா ஒருநாள் வந்தபோது இதைப் பார்த்துவிட்டா.

"என்னடா இது, கம்பசுக்கு உன்னையும் எடுத்திட்டாங்களே?"

"சும்மா பாடம் கேக்கிறன் அக்கா."

"இங்கிலீஷ் பேப்பரிலை வடை சுத்தத்தான் உனக்குத் தெரியும். நீ பாடம் கேக்கிறியோ?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அது போதும். அவள் சிரித்துக் கன நாள்.

அந்தத் தாள்களில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். இவ்வளவு வடிவாகச் சொல்லுகிற பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா?

ரிசல்ஸ் வந்த அன்று அவள் மத்தியானமே வந்துவிட்டாள். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டு நான் தோட்டத்தால் ஓடிவந்தேன். மூன்று பாடம் பாஸ். ஒன்று பெயில். நாங்கள் ஆகக் கூடுதலாகப் பாடமாக்கியது அதைத்தான்.

"முழுக்க எழுதினனான் அப்பா. நீங்கள் கேட்ட மாதிரியே, ஒரு சொல்லும் விடேல்லை."

"பிறகென்ன?"

"அவை ஏன் அப்பிடி நடக்குது எண்டு கேட்டவை. நான் அது என்னண்டு வரைவிலக்கணம் எழுதியிருக்கிறன். கேள்வி எனக்கு விளங்கேல்லை. பாடமாக்கினதிலை இருந்த ஒரு சொல்லு கேள்வியிலை இருந்தது. அதைப் பிடிச்சுக்கொண்டு அந்தத் தாள் முழுவதையும் எழுதிவிட்டிட்டு வந்தனான்."

அவள் அழவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் விறாந்தைத் திண்ணையில் இருந்தாள். "அப்பா, நான் நிப்பாட்டப்போறன்" என்றாள். பக்கத்து றோட்டில் இருக்கிற மருந்துக்கடையில் ஆள் கேட்கிறார்களாம். அதற்கு ஏ.எல் ரிசல்ஸே போதுமாம்.

படி என்று சொல்லுகிறதுக்கு எனக்கு என்ன முகம் இருக்கிறது? அவள் இருந்த இருப்பில் மேசைக்கு அடியில் கொள்ளாத என்னுடைய முழங்கால்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு விளங்காததை நான் விட்டுவிட்டு வந்தேன், ஒருவரும் மறிக்கவில்லை. மறித்திருந்தால் நின்றிருப்பேனா என்றும் தெரியாது.

"ஒரு கிழமை பாப்பமே பிள்ளை," என்றேன்.

அந்தக் கிழமை அவள் போகவில்லை. நானும் தோட்டத்துக்கு ஒழுங்காகப் போகவில்லை. தண்ணி மாறிவிட்டு, அதாவது ஒரு பாத்தி நிரம்பியதும் வாய்க்காலை வெட்டி அடுத்த பாத்திக்கு விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து எட்டிப் பார்ப்பேன். அவள் படுத்திருப்பாள். மருந்துக்கடைக்காரர் திங்கட்கிழமை வரச் சொன்னார் என்றாள்.

அதற்கு முதல் வந்தது ஒரு பருத்தித்துறைப் பிள்ளை. மகளுடைய பட்ச், ஒரே வகுப்பு. கம்பசுக்குப் பக்கத்தில் அறை எடுத்து இருந்தவள். படலையைத் திறந்துகொண்டு வந்தவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அங்கிள், உவள் செத்திட்டாளோ, இருக்கிறாளோ? போனும் எடுக்கிறாளில்லை."

உள்ளே போனாள். கதவு சாத்தவில்லை.

"எனக்கும் பெயில்தானடி. எனக்கு ரெண்டு."

"உனக்கு ரெண்டோ?"

"ஓம். நான் என்ன மருந்துக்கடைக்கோ போறன்? எழும்பு. பெயிலானதை றிப்பீற் எழுதுவம். குப்பி போடுவம்."

குப்பி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. பிறகு மகள் சொன்னாள். வகுப்பில் இங்கிலீஷில் படிப்பித்ததை, விளங்கின ஒரு ஆள் விளங்காதவர்களைக் கூட்டி வைத்துத் தங்கள் பாசையில் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறதாம். எல்லாக் கம்பசிலும் உண்டாம். குப்பி விளக்கில் இருந்து படித்த காலத்துப் பெயர். பருத்தித்துறைப் பிள்ளையின் அறைக்காரம்மாவுக்குச் சத்தம் ஆகாது, எனவே குப்பி எங்கள் வீட்டில்.

திங்கட்கிழமை மகள் மருந்துக்கடைக்குப் போகவில்லை. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் கெட்டுவிடும் என்று பயம்.

இரண்டு பேரும் விறாந்தையில் நிலத்தில் இருந்துகொண்டு, ஒருத்திக்கு விளங்கினதை மற்றவளுக்குச் சொல்ல, பழைய கலண்டர்த் தாள்களைப் பின்பக்கம் திருப்பிப் படம் கீறிக் கீறிக் கதைத்தார்கள். நான் குசினிக்குள் தேத்தண்ணி வைத்துக்கொண்டு கேட்டேன். தமிழ். இழைமணி திரும்ப வந்தது. மென்சவ்வு வந்தது. எனக்குத் தெரிந்தவர்கள் கனகாலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. மகள் எடுத்ததற்கெல்லாம் ஏன், ஏன் என்று கேட்டாள். "ஏன் அதுக்குள்ளாலை மட்டும் போகுது?" "ஏன் மற்றது போகேல்லை?" என்னிடம் பாடம் சொன்ன காலத்தில் அவள் ஒருமுறையாவது ஏன் என்று நின்றதாக நினைவில்லை. நானும் கேட்டதில்லை. விட்ட சொல்லைத்தான் கேட்டேன்.

தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்தேன். கதிரையில் கொஞ்சம் இருந்து பார்த்தேன். யாரும் என்னுடைய கையில் ஒன்றும் தரவில்லை. பிடிக்கிறதற்குக் கொப்பியும் இல்லை. எழும்பிக் குசினிக்குள் வந்தேன்.

பிறகு தெற்கே காலியில் இருந்து வந்து படிக்கிற ஒரு பிள்ளை வரத் தொடங்கினாள். சிங்களப் பிள்ளை. அவளுக்கும் அதே பாடம் பெயில்.

"அவளுக்கும் இங்கிலீஷ் விளங்குறேல்லையாம் அப்பா," என்றாள் மகள், ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

அவளுக்குத் தமிழ் தெரியாது. இவர்களுக்குச் சிங்களம் தெரியாது. அவளுக்காக மூன்று பேரும் இங்கிலீஷுக்கு மாறினார்கள். மூன்று பேருக்கும் சரியாக வராத இங்கிலீஷ். குசினிக்குள் நின்ற எனக்கு அந்த நிமிசத்தோடு எல்லாம் அறுந்துபோனது. அடுப்பில் தண்ணி கொதிக்கிற சத்தமும் அவர்களுடைய சத்தமும் எனக்கு ஒன்றுதான்.

அப்போதுதான் மகளின் குரலைக் கவனித்தேன். முன்பு என்னிடம் தாளைச் சொல்லும்போது தண்ணி வாய்க்காலில் ஓடுகிற மாதிரி ஓடும். இப்போது இரண்டு சொல் வரும், நிற்கும். "ம்ம்ம்" என்பாள். திரும்பப் பின்னால் போவாள். கையை விரித்துக் காட்டுவாள். காலிப் பிள்ளை எதையோ கேட்பாள், இவள் "நோ, நோ" என்று கலண்டர்த் தாளில் கீறுவாள். பருத்தித்துறைப் பிள்ளை நடுவில் தமிழில், "கடவுளே, உவள் என்ன சொல்லுறாள்" என்பாள். மூன்று பேரும் சிரிப்பார்கள். கண்ணை மூடவில்லை, உடம்பை ஆட்டவில்லை. இப்படித் தட்டித் தடக்கிச் சொல்லுகிறவளுக்கு விளங்கியிருக்கிறது என்று எனக்குப் பட்டது. நான் விரல் வைத்துப் பார்த்திருந்தால் நூறு பிழை சொல்லியிருப்பேன்.

ஒருநாள் காலிப் பிள்ளை வெங்காயக் கட்டுகளைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எதையோ சொன்னாள். மகள் சொன்னாள், "அவவின்ரை அப்பா கறுவாப் பட்டை உரிக்கிறவராம். உங்களை மாதிரித்தானாம், கை எப்பவும் மணக்குமாம்."

எனக்கு ஒரு விசயம் கேட்க ஆசை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. "அவர் பாடம் கேக்கிறவரோ எண்டு கேள் பிள்ளை. பள்ளிக்கூடத்திலை படிக்கேக்கை."

மகள் அதை இங்கிலீஷாக்கக் கொஞ்சம் பாடுபட்டாள். காலிப் பிள்ளை சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"அம்மாவாம். வீடு கூட்டுற தும்புத்தடியோடை நிண்டு கேக்கிறவவாம். பிழை விட்டால் ஓடவேணுமாம்."

"இப்ப?"

மகள் அதை அவளிடம் கேட்கவில்லை. "இப்ப என்னண்டு கேக்கிறது அப்பா?" என்று என்னிடம்தான் சொன்னாள்.

அன்று முழுக்க, காலிப் பக்கத்தில் ஒரு வீட்டில் தும்புத்தடியை மூலையில் வைத்துவிட்டு இருக்கிற ஒரு அம்மாவை நினைத்துக்கொண்டு இருந்தேன். அவவோடு கதைக்க எனக்குப் பாசை இல்லை. இருந்தாலும் என்ன கதைக்கிறது?

றிப்பீற் சோதனைக்கு மகள் போன அன்று நான் மோட்டரை இரண்டு தரம் அல்ல, எத்தனை தரம் போய்ப் பார்த்தேன் என்று தெரியாது. ரிசல்ஸ் வரக் கன நாள் எடுத்தது. அந்த நாட்கள் முழுக்க அவளும் நானும் சோறும் கறியும் மழையும் பற்றித்தான் கதைத்தோம்.

ஒரு பின்னேரம் படலையடியிலேயே ஸ்கூட்டியை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"பாஸ் அப்பா. மூண்டு பேரும் பாஸ்."

நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். அப்படியே கையையும் கழுவினேன், சவர்க்காரம் போட்டு. வந்து கதிரையில் இருந்தேன். இனிப் பயமில்லை, அவள் நிற்பாட்டமாட்டாள். அந்தச் சந்தோசத்தில் பழைய கேள்வி தன்பாட்டில் வந்தது.

"என்ன கேட்டவை?"

"சொல்லுறன் இருங்கோ." அவள் திண்ணையில் இருந்தாள். ஆசையாகத்தான் தொடங்கினாள். "ஒரு களி மாதிரி ஒண்டு இருக்கப்பா. அதுக்குள்ளை அதுகளை விட்டு, கறண்ட் குடுத்தால் ஓடும்."

"எதுகள்?"

"அது... கலத்துக்குள்ளை இருந்து எடுக்கிறது. சின்னது தூரத்துக்கு ஓடும். பெரிசு பிந்தும்."

"சரி, விளங்குது. சின்னது இடுக்குக்குள்ளாலை போயிடும்."

"ஓம், ஓம் அப்பா. அதுதான். அதுக்குப் பிறகுதான் கேள்வி. அவை என்ன கேட்டவை எண்டால்..." அவள் நின்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய வாய் ஒரு சொல்லுக்குத் தயாராகி, மூடி, திரும்பத் தயாரானது. முன்பென்றால் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்திருப்பேன்.

"அதுக்குத் தமிழ் தெரியேல்லை அப்பா," என்றாள். "தமிழிலை நான் அதைக் கேட்டதேயில்லை."

"பரவாயில்லை பிள்ளை."

"யோசிச்சுச் சொல்லுறன், என்ன?"

"ஓம். ஆறுதலாச் சொல்லு."

அவளுடைய போன் அடித்தது. லீவில் ஊருக்குப் போயிருந்த காலிப் பிள்ளை. அவள் எழும்பி முற்றத்துக்கு இறங்கி, நடந்து நடந்து கதைத்தாள், முன்பு பாடம் சொன்ன அதே இடத்தில். நிற்கிறாள், சிரிக்கிறாள், கையை விரித்துக் காட்டுகிறாள், காலியில் இருக்கிறவளுடைய கண்ணுக்குத் தெரியும் என்ற மாதிரி. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன். கை காய்ந்துவிட்டது, நகத்துக்குள்ளும் மண் இல்லை.

பிறகு எழும்பித் தோட்டத்துக்குப் போனேன். மேற்குப் பக்கத்துப் பாத்திகளுக்கு இன்னும் தண்ணி போகவில்லை. மோட்டரைப் போட்டுவிட்டு, குனிந்து வாய்க்காலை வெட்டினேன்.